அடைக்கலமும் அதன் விலையும்

சரணம் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் சொல்லுகின்றோம். மணவினையாயினும் பிணவினையாயினும், விஹாரத்திலாயினும் வீட்டிலாயினும், திரிசரணம் கூறாமல் நம்மிடையே எந்தச் சடங்கும் தொடங்குவதில்லை. சரணம் புகுவோன் செய்ய வேண்டுவன யாவை என்று பிக்குகளும் உபாசகர்களும் நமக்குப் பலகால் எடுத்துரைத்துள்ளனர். சரணம் அளிப்போன் செய்ய வேண்டுவது யாது என்னும் வினாவோ நம் கூட்டங்களில் அரிதாகவே எழுகின்றது. அதனையே இங்கு ஆராயப் புகுகின்றோம். தன் நாட்டு அரசின் கொடுமையை எதிர்த்துப் பேசியதனால் உயிருக்கு இடர் நேர்ந்து, ஒருவன் வேற்று நாட்டில் வந்து ஒதுங்குகிறான். அவன் விட்டு வந்த அரசு அங்கும் அவனைத் தொடர்ந்து வந்து மிரட்டுகிறது, ஒற்றரை ஏவுகிறது, சிற்சில வேளைகளில் கொல்லவும் செய்கிறது. இந்நிலையில் இடமளித்த நாடு அவனை எம்மட்டும் காக்கக் கடன்பட்டுள்ளது? எல்லைக் கதவைத் திறந்து விட்டதோடு அதன் கடமை தீர்ந்ததா?

இது பெரிய சர்க்கார்கள் தீர்த்துக் கொள்ள வேண்டிய விவகாரம், நமக்கென்ன என்று ஒதுக்குவதற்கில்லை. நம் தம்மத்தைச் சார்ந்த ஒரு மக்கட் கூட்டம் நம் கண்ணெதிரே இந்நிலையில் வாழ்கின்றது. 1956 அக்டோபர் 14-இல் டாக்டர் அம்பேத்கர் நாகபுரியில் தம்ம தீட்சை பெற்றார். அடுத்த மாதமே, புத்த ஜயந்தியின் 2500-ஆம் ஆண்டு விழாவிற்காகத் தலாய் லாமா இந்தியாவிற்கு வந்தார். திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிடலாமா என்று அவர் அப்போதே எண்ணியதுண்டு; பிரதமர் நேரு திரும்பிச் செல்லுமாறு அறிவுரை கூறினார். மூன்றாண்டு கழியுமுன், 1959 மார்ச் 17-ஆம் நாள் இரவில், அவர் லாசாவை விட்டு மறைந்து புறப்பட நேர்ந்தது. மார்ச் 31-இல் இந்திய எல்லையைக் கடந்தார். அவரைத் தொடர்ந்து ஏறத்தாழ 80,000 திபெத்தியர் மலை கடந்து வந்தனர். 1960-61-இல் மைசூர் அரசு பைலகுப்பேயில் நிலம் வழங்கிற்று. பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் வாழும் நம்மவர்க்கு அவ்வூர் ஒரு பகற்பயணத் தொலைவே.

சீனத்துடன் 1954-இல் பஞ்சசீல உடன்படிக்கை ஏற்பட்டபோது, பௌத்தத்தின் பெயரைத் தாங்கிய அவ்வொப்பந்தத்தை நம்பலாகாது என்று மாநிலங்களவையில் எச்சரித்தவர் பாபாசாகேப். பஞ்சசீலத்தில் மெய்யான பற்றுடைய அரசு தன் ஆட்சியின் கீழுள்ள பௌத்தர்களை வேறு விதமாக நடத்தியிருக்கும் என்பது அவர் வாதம். அன்று அதனைச் செவிமடுத்தோர் சிலரே.

திபெத்தியர்க்கு இந்தியா கதவைத் திறந்தது மெய்யே; அதற்காக நேருவின் அரசை நாம் என்றும் போற்றுவோம். ஆனால் வந்தவர் பின்னே நிழலும் வந்தது. 2009 மார்ச்சில் டொராண்டோ ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை ஒன்று, தர்மசாலையில் தலாய் லாமாவின் அலுவலகத்துக் கணிப்பொறிகளிலேயே வேவு மென்பொருள் புகுந்திருந்ததைக் காட்டிற்று. 103 நாடுகளில் 1,295 கணிப்பொறிகள் அவ்வலையில் சிக்கியிருந்தன. அதே அறிக்கையில் ஒரு பெண்ணைப் பற்றிய செய்தியும் உளது. புலம்பெயர்ந்தோர் நடத்திய ஓர் இணையப் பணியில் உழைத்த அவ்விளம்பெண், தன் குடும்பத்தைக் காணத் திபெத்திற்குத் திரும்பினாள். எல்லையில் பிடித்து இரண்டு மாதம் சிறை வைத்தனர். நான் படிக்கப் போனவள், அரசியலில் தலையிட்டதில்லை என்று அவள் சொன்னபோது, அவள் இந்தியாவிலிருந்து நண்பர்களுடன் உரையாடிய சொற்கள் முழுவதையும் அச்சிட்ட தாள்களாக எடுத்து முன்னே போட்டனராம்.

இந்த வேலைக்கு எப்போதும் இயந்திரமே வேண்டுமென்பதில்லை. சுவீடனில் தஞ்சம் புகுந்த திபெத்தியரை வேவு பார்த்துச் சீனத்திற்குச் செய்தி விற்ற ஒருவருக்கு 2018-இல் அந்நாட்டு நீதிமன்றம் 22 மாதச் சிறை விதித்தது. அவரும் திபெத்தியரே. அவர் திரட்டியவை இராணுவ மர்மங்களல்ல. யார் எங்கே குடியிருக்கிறார், ஊரில் யாருக்கு யார் உறவு, எவர் எக்கூட்டத்திற்குப் போகிறார் என்பன போன்ற சிறு செய்திகளே. இவற்றுக்கு ஓர் அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

இங்குதான் இக்கொடுமையின் உள்ளமைப்பு விளங்குகின்றது. அயல்நாட்டில் இருப்பவனை அடிக்கக் கை எட்டாது. அவன் தம்பி எட்டும் தொலைவில் இருக்கிறான். ஒரு நாள் அத்தம்பியைக் காவல் நிலையத்திற்கு அழைத்து, உன் அண்ணன் அங்கே கொடி பிடிக்கிறானாமே என்று அமைதியாகக் கேட்பார்கள். அன்றிரவு தாய் தொலைபேசியில் அழுவாள். மறுநாள் முதல் அண்ணன் கூட்டத்திற்கு வரமாட்டான். அவனை யாரும் தொடவில்லை. இந்திய மண்ணில் ஒரு குற்றமும் நிகழவில்லை. காவல் துறையினர் பதிவு செய்து கொள்ள ஒரு கீறல்கூட இல்லை. ஆயினும் ஒரு மனிதனின் வாய் மூடப்பட்டு விட்டது. தன்னையே ஊமையாக்கிக் கொண்டவன், தன் தாயைக் காத்ததாக எண்ணி ஆறுதல் கொள்கிறான். அவனைக் கோழை என்று யார் சொல்லத் துணிவார்?

நம்மவர்க்கு இதனை விளக்க வெளிநாட்டுக் கதை தேவையில்லை. சேரியை விட்டுச் சுரங்கத்திற்கும் ஆலைக்கும் இரயில்வேக்கும் போன நம் பாட்டன்மார், பட்டணத்தில் நிமிர்ந்து நடக்கக் கற்றபோது, கிராமத்தில் என்ன நடந்தது? உன் மகன் அங்கே மேடையேறிப் பேசுகிறானாமே என்று பண்ணையார் கேட்டார். தகப்பனுக்கு அளக்கும் நெல் குறைந்தது. தங்கையின் குடிசைக்குத் தண்ணீர்வழி அடைபட்டது. மகன் எட்டாத இடத்தில் இருந்தான். ஆகவே எட்டியவர்கள் அடிபட்டனர். அரசு செய்தாலும் ஆண்டை செய்தாலும் தந்திரம் ஒன்றே. சாதிக் கொடுமையிலிருந்து தப்பித் தம்மத்தில் சரணம் புகுந்த நாம், இத்தந்திரத்தை எவ்வுடையில் வந்தாலும் அடையாளம் காண வேண்டியவர்கள்.

நிற்க. இத்தீமை ஏதோ ஒரு தேசத்தின் தனிக்குணம் என்று நாம் எண்ணிவிடலாகாது. பிரீடம் ஹவுஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2014 முதல் 31 அரசுகள் 79 நாடுகளில் இவ்வாறு நேரடியாகக் கைவைத்த நிகழ்ச்சிகள் 608. பௌத்த நாடுகள் என்று நாம் பெருமையோடு பெயர் சொல்லும் நாடுகளும் இதில் தப்பவில்லை. இதனைச் சொல்ல நமக்கு வெட்கமாகவே இருக்கின்றது. தாய்லாந்து அரசை எதிர்த்து லாவோசில் ஒளிந்து வாழ்ந்த இருவரின் உடல்கள், வயிறு கிழிக்கப்பட்டுச் சிமெண்டு நிரப்பப்பட்டு, 2018-ஆம் ஆண்டின் இறுதியில் மேகாங் ஆற்றில் மிதந்தன. 2020 ஜூன் மாதம் தாய்லாந்துக்காரர் மற்றொருவர் கம்போடியாவின் நொம்பென் நகரில் பட்டப்பகலில் கடத்தப்பட்டார். இதற்கு எதிர்த்திசையில், கம்போடிய எதிர்க்கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் 2025 ஜனவரி 7-ஆம் நாள் பாங்காக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். கம்போடிய அரசு தனக்குத் தொடர்பில்லை என்று மறுத்துள்ளது. அவர் வீழ்ந்த இடம் புகழ்பெற்ற போவோன்னிவேத் விஹாரத்தின் அருகிலுள்ள தெரு. பகவான் பிறந்த லும்பினியைத் தன்னகத்தே கொண்ட நேபாளம், 2003 மே 31-இல் பதினெட்டுத் திபெத்தியரைச் சீன அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. அவர்களுள் சிறுவரும் இருந்தனர். அங்கே கொடுங்கோலன் எல்லை தாண்டி வரவேண்டிய தேவையே இருக்கவில்லை. இடமளித்தவனே கைகட்டி அனுப்பி வைத்தான்.

இனி, நூல்வழக்கில் அடைக்கலம் எவ்வாறு பேசப்படுகிறது என்று பார்ப்போம். பருந்துக்கு அஞ்சித் தன் மடியில் விழுந்த புறாவின் பொருட்டுச் சிபி வேந்தன் துலையேறிய கதையைச் சோழர் தம் குலப்பெருமையாகக் கொண்டாடினர். சங்கப் புலவரும் பாடினர். அக்கதையில் பலரும் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. பருந்து வந்து, இது என் இரை, என் உரிமை என்று வழக்காடுகிறது. அரசன் கதவைச் சாத்திக் கொண்டு புறாவை ஒளித்து வைக்கவில்லை. நீ போய் வேறிடம் பார் என்று புறாவை மெல்ல நழுவ விடவுமில்லை. புறாவுக்கு வந்த இடரின் எடையைத் தராசில் வைத்து, அதற்கு ஈடாகத் தன் உடலை வைத்தான். காப்பவன் இழப்பு ஏற்க முன்வராத இடத்தில், புகுந்தவன் மெய்யாகக் காக்கப்படுவதில்லை. வணிக உடன்பாடு கெடும், தூதர் முகம் சுளிப்பார், எல்லையில் பகை மூளும் என்னும் அச்சங்களே இக்காலத்துத் துலாக்கோலில் வைக்கப்படும் தசை.

பருந்தின் வாதம் இக்காலத்தில் வேறு சொற்களில் வருகின்றது. இவன் அகதி அல்லன், குற்றவாளி, பயங்கரவாதி, பிடித்துக் கொடுங்கள் என்று அரசு எழுதும். இன்டர்போலின் சிவப்பு அறிவிக்கை அதற்கு வாய்த்த கருவி. அரசியல், இராணுவம், சமயம், இனம் சார்ந்த விவகாரங்களில் தலையிடலாகாது என்று இன்டர்போலின் அமைப்பு விதி மூன்றாம் பிரிவிலேயே எழுதப்பட்டுள்ளது. எனினும் உய்குர் தலைவர் டோல்குன் ஈசாவின் பெயர், சீனத்தின் வேண்டுகோளால், அவ்வறிவிக்கையில் நெடுநாள் இருந்தது. 2016-இல் தர்மசாலை மாநாட்டிற்கு வர அவருக்கு விசா வழங்கிய நம் அரசு, அவ்வறிவிக்கையைக் காரணமாகக் காட்டி அதனை இரத்துச் செய்தது. 2018-இல் இன்டர்போலே அவ்வறிவிக்கையை நீக்கிவிட்டது. நாம் மறுத்த விருந்தினர் குற்றவாளிப் பட்டியலில் இருந்திருக்கவே வேண்டாதவர் என்று ஆயிற்று.

அப்படியானால் குற்றவாளி எவன், எதிர்ப்பாளன் எவன் என்று பிரித்தறிவது எவ்வாறு? மெய்யான கொலைகாரனும் அகதிக் கோலத்தில் வரக்கூடுமே என்பது நியாயமான ஐயம். இதற்கு அங்குலிமாலன் வரலாறு ஓரளவு வழி காட்டுகிறது. பலரைக் கொன்ற அவனைப் பிடிக்கக் கோசல வேந்தன் பசேனதி ஐந்நூறு குதிரை வீரருடன் புறப்பட்டு, வழியில் பகவானைக் காண்கிறான். அவன் சீவர ஆடையுடுத்துச் சீலத்தில் நிற்பதைக் கண்டால் என்ன செய்வாய் என்று பகவான் வினவ, வணங்குவேன், காப்பேன் என்கிறான் அரசன். அருகில் அமர்ந்த பிக்குவே அவன் என்று அறிந்ததும் அஞ்சுகிறான். எனினும் சொன்ன சொல்லில் நிற்கிறான். பகவான் இங்கே குற்றவாளியை ஒளிக்கவில்லை என்பதைக் குறித்துக் கொள்ள வேண்டும். இன்னான் இவன் என்று அரசனிடம் வெளிப்படையாகச் சொல்லி, அவன் இப்போது யார் என்பதைக் காட்டினார். ஆகவே கொலைகாரர் எல்லாரையும் விசாரணையின்றி விட்டுவிடுக என்று நாம் வாதிக்கவில்லை. கேட்கும் அரசு சான்று காட்டட்டும். இடமளித்த நாட்டின் நீதிமன்றம் வெளிப்படையாக அதனை ஆராயட்டும். திருப்பியனுப்பினால் வதை நேரும் என்றால் அனுப்பாதிருக்கட்டும். சொன்ன சொல்லையன்றி வேறு குற்றம் காட்ட இயலாத அரசின் கடிதத்தைக் கோப்பில் கட்டி வைத்துவிடலாம்.

இவ்வளவும் பிற நாடுகளுக்கு மட்டும் சொல்லும் அறிவுரையாயின் அதற்கு மதிப்பில்லை. 2023 ஜூன் 18-இல் கனடாவில், இந்திய அரசு 2020-இல் பயங்கரவாதி என்று அறிவித்திருந்த காலிஸ்தான் கோரிக்கையாளர் ஒருவர் குருத்வாரா வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையில் இந்திய அரசின் முகவர்க்குத் தொடர்பிருப்பதாக நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் உள என்று அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் கூறினார். நம் அரசு அதனை முற்றாக மறுத்தது. அம்மனிதரின் கொள்கை நமக்கு உடன்பாடன்று. தேசத்தைப் பிளக்கும் முயற்சியை நாம் விரும்புவோமல்லோம். ஆயினும் பாங்காக்கில் எது பாவமோ அது கனடாவிலும் பாவமே. குற்றச்சாட்டு பொய்யாயின், முழு விசாரணையே அதனைப் பொய்யென நிறுவும். முதற் சீலம் கொல்லுதலோடு கொல்லுவித்தலையும் விலக்குகிறது. ஏவிய கை எந்நாட்டுக் கையாயிருந்தாலும் அதற்கு விலக்கு இல்லை.

இன்னொரு வாதமும் உண்டு. அது நயமாக வருவது. உயிருக்கு இடம் கொடுத்தோம். அமைதியாக உண்டு உறங்கி வாழட்டும். அரசியல் ஏன் என்பது. 1959 முதல் நம் அரசும் திபெத்தியர்க்கு இந்திய மண்ணிலிருந்து அரசியல் நடத்தலாகாது என்றே கூறி வந்துள்ளது. நம் மண்ணிலிருந்து படை திரட்டினால் அதனைத் தடுக்கும் உரிமை நம் அரசுக்கு உண்டு, இதில் ஐயமில்லை. ஆனால் துப்பாக்கி ஏந்துவதும் கொடி ஏந்துவதும் ஒன்றாகுமா? 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோது, சென்னையில் திபெத்திய மாணவர் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். அவர்களுட் சிலரை அவர் வருமுன்னரே பிடித்து வைத்தனர். பேசியதற்காக ஒருவன் நாடிழந்து வந்தான். வந்த இடத்தில் பேசாதே என்று அவன் வாயை நாமே பொத்தினால், விரட்டிய அரசின் வேலையைக் கூலியின்றி நாம் செய்து கொடுத்தவராவோம்.

மாமல்லபுரத்துக்கு அண்மையிலுள்ள காஞ்சியைப் பற்றி எழுதி வைத்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எவ்வாறு தம் நாட்டை விட்டுப் புறப்பட்டார் என்பதை அவ்வேளையில் எவரேனும் நினைத்தனரோ? ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எல்லை கடக்க அரசாணை தடை விதித்திருந்தது. அனுமதி கேட்டும் கிடைக்காமல், இரவில் நடந்து பகலில் ஒளிந்து அவர் மேற்கே சென்றார். அவரைப் பிடித்தனுப்புமாறு எழுந்த ஆணை ஓர் எல்லை நகரத்து அதிகாரியின் கைக்கு வந்தது. அவ்வதிகாரி பௌத்தப் பற்றுடையவர். ஆணையை யுவான் சுவாங்கிடமே காட்டி, நீர்தாமோ இவர் என்று வினவினார். மெய்யைச் சொல்லும், வழி செய்வேன் என்றார். அவர் ஆம் என்றதும் அவ்வோலையை அவர் கண்முன் கிழித்து, விரைந்து செல்லும் என்றார். சீனத்துக்கு அறுநூற்றுக்கும் மிகுதியான பௌத்த நூற்சுவடிகள் கிடைத்தது அக்கிழிசலால் என்று சொன்னால் மிகையாகாது. 645-இல் அவர் திரும்பியபோது அதே பேரரசர் அவரை வரவேற்று மொழிபெயர்ப்புக்கு இடமும் ஆளும் தந்தார்.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் யாது? 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லை. தனியான அகதிச் சட்டமும் நமக்கில்லை. பைலகுப்பேயில் பிறந்து முதுமையெய்திய திபெத்தியர் பலர் இன்னும் அயல்நாட்டார் என்னும் பதிவுச் சான்றிதழைப் புதுப்பித்துக் கொண்டு வாழ்கின்றனர். அரசின் நல்லெண்ணமே அவர்தம் கூரை. ஆயினும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் ஒரு சொல் உளது. உயிரும் உடலுரிமையும் எக்குடிமகனிடமிருந்தும் பறிக்கப்படலாகாது என்று அங்கே எழுதப்படவில்லை. எந்த நபரிடமிருந்தும் என்றே எழுதப்பட்டுள்ளது. பாபாசாகேப் தலைமையேற்ற வரைவுக்குழுவின் வழியே வந்த அச்சொல், 1996-இல் பௌத்தர்களான சக்மா அகதிகளைக் காத்தது. அருணாசலப் பிரதேசத்தில் அவர்களை வெளியேறுமாறு ஓர் அமைப்பினர் மிரட்டியபோது, நாட்டிலுள்ள ஒவ்வொரு மனிதனின் உயிரையும் காப்பது அரசின் கடமை, எக்கூட்டமும் அவர்களை அச்சுறுத்த அரசு இடங்கொடுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்ளூர்க் கூட்டம் ஒன்றின் மிரட்டலைத் தடுக்க அரசு கடன்பட்டதாயின், வெளிநாட்டு அரசொன்றின் மிரட்டலைத் தடுக்கவும் அதே கடனுண்டு என்பது நம் துணிபு. சுவீடனில் அகதியை வேவு பார்ப்பது தனிக்குற்றம். நம் நாட்டிலும் அவ்வாறே ஆக்க வேண்டும். மிரட்டப்பட்டவன் அஞ்சாமல் போய்ச் சொல்ல, இதன் தன்மையறிந்த அதிகாரி ஒருவரேனும் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் இருத்தல் வேண்டும். பிணையாகப் பிடிபட்ட உறவினர் திறத்தில் மட்டும் முடிவை அகதியிடமே விட்டுவிடுவதே முறை. சிலருக்குப் பெயரை உலகறியச் சொல்வது காப்பு. சிலருக்கு அதுவே கேடு.

நம் சங்கங்கள் செய்யக்கூடியது சிறியதே, ஆனால் இல்லாமலில்லை. ஒற்றன் விற்பது பெரும்பாலும் பொய்யன்று, மெய். இன்னான் மகன் இன்ன ஊரான் என்னும் மெய்யே ஒரு குடும்பத்தைச் சிறைக்கு அனுப்பும். மெய்யேயாயினும் பயனற்றதும் கேடு தருவதுமான சொல்லைத் ததாகதர் உரைப்பதில்லை என்று அபய இளவரசனுக்குப் பகவான் சொன்னதை நான்காம் சீலத்தோடு சேர்த்தே நாம் படிக்க வேண்டும். வைசாகப் பௌர்ணமி விழாக்களுக்குத் திபெத்தியப் பிக்குகளை அன்போடு அழைக்கிறோம். விழா முடியுமுன்னரே அவர்தம் படமும் பெயரும் பிறந்த ஊரும் கைப்பேசிகளின் வழியே உலகெங்கும் போய்விடுகின்றன. படம் எடுப்பதற்கு முன் அவரைக் கேளுங்கள். ஊரில் தமக்கை இருக்கிறாள் என்று அவர் தயங்கினால், பாராயணத்தைக் கேட்டு, உணவு பரிமாறி, கைப்பேசியைச் சட்டைப் பையிலேயே வைத்துக் கொள்ளுங்கள்.